வலை இழுக்கும் கையும் குருதி ஓடும் வழியும்

(பழவேற்காட்டில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்திற் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபொழுது, நெய்தல் நிலத்தின் சிறப்பைப் பற்றியோ, பண்டைத் தமிழர் கடலோடிய திறத்தைப் பற்றியோ யான் பேசுவேன் என்றே எண்ணியிருப்பார். தமிழாசிரியனிடத்து வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் சிறுநீரகம். இலக்கணம் கற்பிப்பவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முறுவலிப்பது தெரிகின்றது. காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

என் தமையனார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவரை உங்களிற் பலரும் அறிவீர்கள். ஏரியில் எந்த இடத்தில் எத்துணை ஆழம் என்பதைத் துடுப்பை இடாமலே சொல்லுவார். நாள் முழுதும் வலை இழுத்த உடல் நோவுக்கு இரவிற் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் படுத்துக்கொள்வது அவரது பல்லாண்டு வழக்கம். இரத்த அழுத்தம் என்ற ஒன்று தமக்கு உண்டா என்பதை ஐம்பது வயது வரை அவர் அளந்து பார்த்ததில்லை. கால் வீங்கிற்று, உப்புக் காற்று என்றார். முகம் ஊதிற்று, உறக்கமின்மை என்றார். உணவைக் கண்டால் குமட்டத் தொடங்கியபின்னரே வைத்தியரிடம் சென்றோம். இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பாலும் கெட்டுவிட்டன என்றும், வாரத்திற்கு மும்முறை டயாலிஸிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தாலன்றி உயிர் தரியாது என்றும் சொல்லப்பட்டது. அதற்கு முன்னேற்பாடாக இடக்கையில் ஒரு சிறிய அறுவை செய்து, தமனியையும் சிரையையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்றார் வைத்தியர். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர்.

"வலை இழுக்கிற கையிலே கத்தி வைக்க விடமாட்டேன்" என்றார் தமையனார். அண்ணியார் அழுதார். வீட்டார் எல்லாரும், நாலெழுத்துப் படித்தவன் என்ற முறையில், என் முகத்தைப் பார்த்தனர். யான் அப்பொழுது சொன்ன சொல்லை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. "அண்ணன் சொல்வதும் நியாயந்தானே, கழுத்திற் போட்ட குழாயே போதும்" என்றேன். அக்குழாய் சிறிது காலத்திற்கு மட்டும் உதவுவது, அதன் வழியே கிருமி நேரே இரத்தத்திற் புகும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். இருமுறை குளிர்காய்ச்சல் வந்து தெளிந்தது. மூன்றாம் முறை தெளியவில்லை.

பொருள் தெரியாத செய்யுளுக்கு உரை சொல்லும் மாணவனை யான் வகுப்பில் எழுப்பி நிறுத்துவதுண்டு. என் தமையனார் வகையில் யான் செய்ததும் அதுவே. ஆதலின் அக்கைக்கும் அக்குருதிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்க வேண்டுமென்று தொடங்கினேன். அப்படிக் கற்றுச் சென்றவிடத்தில் எதிர்ப்பட்டவர் ஒரு ஒல்லாந்தர்!

ஒல்லாந்தர் என்றவுடன் பழவேற்காட்டார் நெஞ்சில் தோன்றுவன யாவை? எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் வாயிலையுடைய கல்லறைத் தோட்டம். 1613-ம் ஆண்டில் அவர்கள் எழுப்பி, இன்று மண்மேடாய்க் கிடக்கும் கெல்ட்ரியாக் கோட்டை. வெடிமருந்து செய்த ஆலை. இக்கரையிலிருந்து அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஏழை மக்கள். துணி வாங்க வந்தவர்கள் மனிதரையும் வாங்கினார்கள் என்பதே நம் கரையில் அவர்கள் விட்டுச்சென்ற கணக்கு. கெல்ட்ரியா என்பது அவர்கள் நாட்டுக் கெல்டர்லாந்து என்னும் மாகாணத்தின் பெயராம். அம்மாகாணத்திலே, பேக்பெர்கன் என்னும் ஊரில் இருந்த காசநோய் மருத்துவசாலையின் தலைமை வைத்தியர்க்கு மகனாய் வளர்ந்தவர்தாம் யான் சொல்லவந்த வில்லெம் கோல்ஃப். அவர் பிறந்தது 1911-ம் ஆண்டு, லெய்டன் நகரில்.

இளமையில் இவர்க்கு எழுத்துக்கள் தடுமாறும் குறை இருந்தது. படிப்பு எளிதாய் வரவில்லை. தந்தையின் தொழிலையும் இவர் விரும்பவில்லை. நோயாளர் சாவதைக் காணப் பொறேன் என்பதே காரணம். விலங்குக் காட்சிசாலைத் தலைவராக விரும்பினாராம்! பின்னர் எப்படியோ வைத்தியமே கற்றார். 1938-ம் ஆண்டில் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இவர் இளநிலை வைத்தியராய் இருந்தபொழுது, இவர் பொறுப்பில் இருந்த நாலைந்து படுக்கைகளுள் ஒன்றில் இருபத்திரண்டு வயதுள்ள ஒரு குடியானவன் மகன் கிடந்தான். சிறுநீரகம் செயலற்று, கண் பார்வை மங்கி, வாந்தியெடுத்து, நாளுக்கு நாள் தேய்ந்தான். அவன் பிழையான் என்பதை, கறுப்பு உடையும் வெள்ளைத் தலையணியும் பூண்டு வந்து நின்ற அவன் தாயிடம் சொல்ல வேண்டிய கடமை இவர்க்கு வாய்த்தது. அவன் உடம்பிற் சேரும் யூரியா என்னும் கழிவை நாள்தோறும் ஒரு சிறு கைப்பிடியளவு வெளியேற்ற ஒரு வழி கிடைத்தால் அவன் சாகவேண்டியதில்லையே என்று இவர் கணக்கிட்டார். சாவைக் காணப் பொறேன் என்றவர் அன்று தொடங்கிய ஆராய்ச்சி எழுபதாண்டுகள் நீண்டது.

இவ்விடத்தில், சிறுநீரகம் செய்யும் தொழிலை ஒருவாறு சொல்லிச் செல்வது நன்று. நம் இதயம் நிமிடந்தோறும் ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகின்றது. அதில் ஐந்திலொரு பங்கு, கைமுட்டியளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்குச் செல்லுகின்றது. அவை ஒரு நாளில் வடித்தெடுக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். அதிற் பெரும்பகுதியைத் திரும்பக் குருதிக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவோடு சிறுநீராய் வெளிவிடுகின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் புலவர்கள் பாடினார்கள். அதனினும் நுட்பமான அன்னங்கள் இரண்டு நம் முதுகுப்புறத்திலேயே இருந்ததை அவர்கள் கண்டிலர்.

இச்செயலை உடம்புக்கு வெளியே செய்வது எங்ஙனம்? நம் ஏரிக்காரருக்கு இதனை விளக்குவது எளிது. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் ஏரியும் கடலும் என்ன செய்கின்றன? ஓதம் ஏறுகின்றது, இறங்குகின்றது. உப்பு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு உப்புப் பரவுகின்றது. தேங்கிய அழுக்குக் கடலோடு போகின்றது. மணல்மேடிட்டு முகம் அடைபட்டால் ஏரி நாறுகின்றது. இறால் குஞ்சு உள்ளே வருவதில்லை. சிறுநீரகம் கெட்ட உடம்பு முகம் அடைபட்ட ஏரி. அதற்கு வேறொரு முகத்துவாரம் வெட்டுவதே டயாலிஸிஸ். நடுவில் ஒரு மெல்லிய தோல் வேண்டும்; அத்தோலின் கண்கள் மிகச் சிறியனவாய் இருத்தல் வேண்டும். குருதியணுக்களும் சத்துப் புரதங்களும் பெருமீன்களைப் போல் உள்ளே தங்கிவிட, யூரியா முதலிய நுண்கழிவுகள் பொடிமீன்களைப் போல் கண் வழியே வெளியேறிவிடும். தாமஸ் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1861-ம் ஆண்டிலேயே இத்தகைய பிரிப்புக்கு டயாலிஸிஸ் என்று பெயரிட்டார். 1913-ல் அமெரிக்காவில் ஏபெல் என்பவரும் அவர் துணைவரும், குருதி உறையாதிருக்க அட்டையின் வாயிலிருந்து எடுத்த சாற்றைக் கலந்து, விலங்குகளிடத்தில் இதனைச் செய்து காட்டினர். 1924-ல் ஜெர்மனியில் ஹாஸ் என்பவர் மனிதரிடத்து முயன்றார். உயிர் பிழைக்கச் செய்யும் அளவுக்கு எவர்க்கும் கைகூடவில்லை.

கோல்ஃபுக்குத் தோல் கிடைத்தது எங்கே தெரியுமா? இறைச்சிக் கடையில்! அந்நாட்டார் கொத்திய இறைச்சியை அடைத்து விற்கும் செல்லோபேன் குழாய் அது. அதற்குள் யூரியா கலந்த சிறிது குருதியை இட்டு, உப்புநீரிற் குலுக்கிப் பார்த்தபொழுது, யூரியா விரைவில் வெளியேறிவிட்டது. ஹெப்பாரின் என்னும் மருந்தும் அதற்குள் வந்துவிட்டமையால் அட்டையைத் தேடவேண்டிய தொல்லையும் இல்லாதொழிந்தது.

அந்நேரத்தில் நாடு பறிபோயிற்று. 1940-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை ஒல்லாந்துக்குட் புகுந்தது. கோல்ஃபை ஊக்கிய பேராசிரியர் போலாக் டானியெல்ஸ் யூதர். பகைவர் கையில் அகப்படுவதினும் இறப்பதே மேல் என்று மனைவியோடு தம்முயிரை நீத்தார். அவர் பதவிக்கு நாஜி ஒருவர் வந்தபொழுது, அவர்க்குக் கீழ்ப் பணிசெய்ய மனமின்றிக் கோல்ஃப் கம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்றார். (இப்பெயரைக் கேட்டபொழுது என்னைப் போன்ற தமிழாசிரியர்க்கு உண்டாகும் மகிழ்ச்சியை நீங்கள் பொறுத்தருள வேண்டும்!) கம்பன் ஐசெல் ஆற்றின் வாயை அடுத்த ஊர். ஒருகாலத்தில் பெருந்துறைமுகமாயிருந்து, ஆற்றுவாயில் மணல் மேடிட்டபடியால் வாணிகம் குன்றிப்போன ஊர். பழவேற்காட்டார்க்கு இக்கதை புதிதன்று.

அவ்வூரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய பெர்க் என்பவர் துணைபுரிந்தார். போர்க்காலம், உலோகம் கிடைப்பது அரிது. ஆதலின் மரச் சட்டங்களாற் பெரிய உருளை ஒன்று செய்து, செல்லோபேன் குழாயை அதன்மேற் பலமுறை சுற்றி, உருளையின் அடிப்பாகம் ஓர் எனாமல் தொட்டியிலுள்ள உப்புநீரில் தோயுமாறு அமைத்தார். உருளை சுழல, குழாய்க்குள் இருந்த குருதி சுற்றுச் சுற்றாய் நகர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் நீரிலே தோய்ந்து கழிவை விட்டது. சுழலும் உருளைக்கும் அசையாத குழாய்க்கும் இடையே குருதி சிந்தாதிருக்க ஒரு பொருத்து வேண்டுமே. அதனை ஃபோர்டு மோட்டார் வண்டியின் நீர்ப் பம்பைப் பார்த்துச் செய்தார். பழைய எஞ்சினைப் பிரித்துப் படகுக்கு மாட்டும் நம் பிள்ளைகளின் கைவேலை போன்றதே அது.

1943-ம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நோயாளி இக்கருவியிற் கிடத்தப்பட்டாள். வயது 29. சிகிச்சையால் தெளிவு பெற்றாள், பேசினாள். ஆனால் ஒவ்வொரு முறையும் குருதி எடுப்பதற்கு ஓர் இரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. ஒருமுறை திறந்த குழாய் மறுமுறைக்கு உதவாது. பன்னிரண்டு முறை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஊசி செருக அவள் உடம்பில் இரத்தக் குழாய் மிச்சமில்லை. அவள் இறந்தாள்.

இப்பகுதியைப் படித்த இரவு யான் புத்தகத்தை மூடிவிட்டேன். கருவி இருந்தது, வைத்தியர் இருந்தார், கழிவு வெளியேறிற்று. குருதி வந்து போக வழி மட்டும் இல்லை. என் தமையனார்க்கு அவ்வழியைத் தம் கையிலேயே அமைத்துத் தர வைத்தியர் இசைந்து நின்றார். வேண்டாம் என்று அவர் சொன்னார், ஆம் என்று யான் தலையசைத்தேன்.

கோல்ஃபின் கதையை மேலே சொல்கிறேன். அடுத்தடுத்து வந்தவர்களும் இறந்தனர். பெரும்பாலோர் கைகடந்த நிலையில் வந்தவர்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் தோல்வி. வேறொருவராயின் கருவியை அடுப்பெரிக்கப் போட்டிருப்பார். 1945-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், போர் முடிந்தபின், பதினேழாமவராய் 67 வயதுள்ள மூதாட்டி ஒருத்தி உணர்விழந்த நிலையிற் கொண்டுவரப்பட்டாள். அவள் நாஜிகளோடு கூடியிருந்தமையாற் சிறையிலிடப்பட்டவள். அவளைச் சாகவிடுக என்றே ஊரார் பலர் சொன்னார்கள். தம் ஆசிரியரைச் சாவுக்குத் தள்ளிய கூட்டத்தைச் சார்ந்தவள் அவள். கோல்ஃப் அதனை மறந்திரார். ஆயினும் கருவியை ஓட்டினார். பதினோரு மணிநேரம் உருளை சுழன்றபின் கிழவி கண் விழித்தாள். விழித்தவள் முதலிற் சொன்னது, தன் கணவனை விலக்கிவிடப் போவதாகவாம்! அவ்வாறே விலக்கிவிட்டு, மேலும் ஆறாண்டுகள் வாழ்ந்தாள். செயற்கைச் சிறுநீரகத்தாற் பிழைத்த முதல் உயிர் அதுவே.

போர்க்காலத்திலேயே வேறு சில கருவிகளையும் செய்து மறைத்து வைத்திருந்த கோல்ஃப், போர் முடிந்ததும் அவற்றை லண்டன், நியூயார்க், மான்ட்ரீல் முதலிய நகரங்களின் மருத்துவமனைகளுக்கு விலையின்றி அனுப்பினார். தம் கருவிக்குத் தனியுரிமை எதுவும் கோரவில்லை. இக்கரையில் அவர் நாட்டார் செய்த வாணிகத்தை நினைக்கும்பொழுது எனக்கு இது வியப்பாகவே உள்ளது. 1950-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1956-ல் வாட்சிங்கர் என்பவரோடு சேர்ந்து, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடத்தக்க இரட்டைச் சுருள் வடிகட்டியை ஆக்கினார். கருமையாய் உட்சென்ற குருதி செல்லோபேனைக் கடக்கும்பொழுது சிவப்பதைக் கண்டு, நுரையீரலின் வேலையையும் கருவியாற் செய்யலாம் என்று அதற்கும் முயன்றார். யூட்டா பல்கலைக்கழகத்தில் இவர் தலைமையில் உழைத்த குழுவின் செயற்கை இதயம் 1982-ல் ஒரு மனிதனுக்குப் பொருத்தப்பட்டது. 2009-ம் ஆண்டு, 98 வயது நிரம்ப மூன்று நாட்களே இருக்கையில் மறைந்தார்.

கிளீவ்லாந்தில் இவரோடு உழைத்தவர் சதோரு நகமோதோ. அவர் 1961-ம் ஆண்டில் நம் வேலூருக்கு வந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டயாலிஸிஸ் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். இந்திய நாட்டிலேயே அதுதான் தொடக்கம். கம்பனில் மர உருளையிற் சுழன்ற முயற்சி, ஒரு தலைமுறைக்குள், நம் ஊரிலிருந்து ஒரு நாட் பயணத்தில் அடையத்தக்க இடத்திற்கு வந்துவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1971-ல், இந்தியாவில் வெற்றிகரமாய் முடிந்த முதற் சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேயே நடந்தது.

இனி, கைக்கு வருவோம்.

கோல்ஃபின் கருவி சில நாள் மட்டும் உதவி தேவைப்பட்டவர்க்கே பயன்பட்டது. சிறுநீரகம் அடியோடு கெட்டவர்க்கு வாழ்நாள் முழுதும் வாரந்தோறும் குருதி வந்துபோக வழி வேண்டுமே! 1960-ல் சியாட்டில் நகரத்து ஸ்கிரிப்னர் ஒரு வழி கண்டார். முன்கையின் தமனியில் ஒரு டெஃப்லான் குழாய், சிரையில் ஒன்று. சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே வளைவாய் இணைத்துவிட்டால் குருதி ஓடிக்கொண்டே இருக்கும், உறையாது. முதலில் இதனைப் பெற்ற இயந்திரத் தொழிலாளி ஒருவர் மேலும் பதினோராண்டுகள் வாழ்ந்தார்.

வழி கிடைத்தது, கருவிதான் போதவில்லை. யாரைப் பிழைப்பிப்பது? ஊரார் எழுவரைக் கொண்ட ஒரு குழு அமைத்தார்கள். வந்தவருடைய தொழில், வருவாய், குடும்பம், கோவிலுக்குச் செல்லும் வழக்கம் முதலியவற்றையெல்லாம் ஆராய்ந்து அக்குழு ஆளைத் தேர்ந்ததாம். 1962-ல் இச்செய்தி பத்திரிகையில் வெளியாகிப் பெரிய கிளர்ச்சியாயிற்று. யான் இதனைப் படித்துத் திகைத்தேன். நம் ஏரியில் மீன்பிடிக்கும் இடத்துக்கு உரிமையைத் தலைக்கட்டு வாரியாக முறைவைத்துப் பகிரும் பாட்டு வழக்கம் இருக்கின்றதே, அதில் எவனாவது "இவன் நல்லவனா, பக்தியுடையவனா" என்று கேட்கிறானா? முறை வந்தால் முறை. கற்றறிந்த நகரத்தார் அந்த நேர்மையை நம் முன்னோரிடம் கற்றிருக்கலாம். இப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

ஸ்கிரிப்னரின் குழாய் தோலுக்கு வெளியே தொங்குவது; கிருமி புகும், அடைபடும், இழுபடும். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்னும் பகுதியிலுள்ள படைவீரர் மருத்துவமனையில் சிமினோ, பிரஷியா என்னும் வைத்தியர்களும், ஆப்பெல் என்னும் அறுவை வல்லாரும் இருந்தனர். காயம்பட்டவர் சிலர்க்குத் தமனியும் சிரையும் தாமே ஒட்டிக்கொண்டு, சிரை பருத்துவிடுவதை மருத்துவ உலகம் முன்னரே அறியும். அதனை ஒரு நோயென்றே கருதினர். அந்நோயையே மருந்தாக்கினால் என்ன என்று இவர்கள் எண்ணினர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்குள்ளேயே இணைத்தனர். வெளியிலே குழாய் ஒன்றும் இல்லை. 1966-ல் இதனை உலகுக்கு அறிவித்தனர். இன்றளவும் இதற்கு நிகரான வழி வேறில்லை என்பதே வைத்தியர் பலரின் கருத்து.

இதன் நுட்பம் குருதியின் ஓட்டத்தில் இருக்கின்றது. சிரை மெல்லியது, அதில் குருதி சாய்வில்லாத வாய்க்கால் நீர்போல் மெதுவாய்ச் செல்லும். டயாலிஸிஸ் கருவிக்கோ நிமிடத்திற்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் குருதி வேண்டும். தமனியில் அவ்வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருப்பது, அடிக்கடி ஊசி குத்தத் தகாதது. தமனியின் வேகத்தைச் சிரைக்குத் திருப்பிவிட்டால், சில வாரங்களிற் சிரை பருத்துச் சுவர் தடித்து, வாரம் மும்முறை குத்தும் ஊசியைத் தாங்கும் உரம் பெறுகின்றது. ஆதலினாலேதான் முன்கூட்டியே செய்துகொள்ளச் சொல்லுகிறார்கள். நோய் முற்றியபின் ஓடினால் கை பழுக்கும்வரை கழுத்துக் குழாயே கதி. அவ்விணைப்பின்மேல் விரலை வைத்தால், ஆற்றுநீர் முகத்துவாரத்திற் பாயும்பொழுது படகின் பலகையிற் கேட்கும் அதிர்வு போல் ஒரு துடிப்புத் தெரியும். துடிப்பு இருந்தால் வழி திறந்திருக்கின்றது. நின்றுவிட்டால் அந்த மணிநேரமே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

துடிப்பு நிற்கும்வரை காத்திராமல், உள்ளே ஓடும் அளவை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று ஆராய்ந்தவர் நிக்கொலாய் கிரிவிட்ஸ்கி. ருஷ்ய நாட்டிற் பயின்று அமெரிக்கா சென்றவர். சிகிச்சை நடக்கும்பொழுதே குழாய்கள் இரண்டையும் முன்பின்னாய் மாற்றி, சிறிது உப்புநீரைச் செலுத்தி, அது குருதியில் எவ்வளவு நீர்த்துப்போகின்றது என்பதை ஒலியலையால் அளந்து, அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டார். 1995-ல் இம்முறையை வெளியிட்டார். மழைநீர் எவ்வளவு வந்திருக்கின்றது என்று ஏரிநீரை நாவில் வைத்துச் சொல்லும் நம் கிழவர்க்கு இதன் கருத்து உடனே விளங்கும். ஓட்டம் நாளடைவிற் குறைந்துவருமானால், வழி சுருங்குகின்றது என்று பொருள். அடைபடும் முன்னரே அதனைச் செப்பனிடலாம்.

இத்துணையும் கேட்டபின், "அந்தக் கையால் வலை இழுக்கலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையை மறைக்கமாட்டேன். பாரம் இழுத்தல் ஆகாது என்றே வைத்தியர் கூறுவர். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்த்தலும், வேறு ஊசி போடுதலும், இறுகக் காப்புக் கயிறு கட்டுதலும், அதன்மேல் தலைவைத்து உறங்குதலும் ஆகா. பெரும்பாலும் பழக்கம் குறைந்த கையிலேதான் இணைப்பைச் செய்வார்கள். உண்ணலாம், எழுதலாம், வலை முடையலாம், இறால் தரம்பிரிக்கலாம், குழந்தையை அணைக்கலாம். பெருவலை மட்டும் இழுக்க இயலாது. என் தமையனார் அஞ்சியதும் கத்திக்கு அன்று. வலை இழுக்காதவனுக்குப் பாட்டில் முறை ஏது, பங்கு ஏது என்பதே அவர் அச்சம். அதனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்னர் அண்ணியார் சொல்லித் தெரிந்தது.

ஆகவே நம் கிராமப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்கிறேன். இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் தலைக்கட்டுக்காரர் ஒருவரின் பாட்டு முறை தவறிப்போகாதபடி, அவர்க்காக அவர் மகனோ மருமகனோ பங்காளியோ இறங்கவும், பங்கு அவர் வீட்டுக்கே சேரவும் ஓர் ஏற்பாடு செய்தருள வேண்டும். எழுதிவைத்தால் நன்று, சொல்லிவைத்தாலும் நம்மவர் சொல் தவறார்.

செலவைப் பற்றிய அச்சமும் உண்டு. ஜெயப்பிரகாச நாராயணர் 1975-ம் ஆண்டு சிறையில் இருந்தபொழுது சிறுநீரகம் கெட்டு, விடுதலையாகிப் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சேர்ந்தார். 1979-ல் மறையும்வரை டயாலிஸிஸாலேயே வாழ்ந்தார். அவருக்குக் கருவி வாங்க நாட்டு மக்கள் சிறுசிறு தொகையாய்ப் பணம் கொடுத்தனர். அத்துணைப் பெரியார்க்கே அந்நாளில் அந்நிலை. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்கும். நடுவணரசும் 2016-ல் மாவட்ட மருத்துவமனைகளுக்கென ஒரு டயாலிஸிஸ் திட்டத்தை அறிவித்தது. பேருந்துச் செலவும், போய்வரும் நாளின் கூலியும் நம்முடையவை. அதனைக் குறைத்துச் சொல்லவில்லை.

நாராயணர்க்கு ஜஸ்லோக்கிற் சிகிச்சை செய்த வைத்தியர் எம். கே. மணி அவர்கள் பின்னர்ச் சென்னைக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் டயாலிஸிஸ் செய்த அவர், இந்நோய் வந்தபின் எல்லார்க்கும் சிகிச்சை செய்வதென்பது நம் நாட்டில் முடியாத காரியம், வருமுன் காப்பதே வழி என்று துணிந்தார். 1997-ம் ஆண்டு தொடங்கி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த கிராமங்களில், ஏறக்குறைய 25,000 மக்களிடையே, பள்ளிப்படிப்பு மட்டும் உள்ள உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீடுதோறும் அனுப்பினார். அவர்கள் சிறுநீரில் ஒரு மருந்துநீரை ஊற்றிப் புரதம் தெரிகிறதா, சர்க்கரை தெரிகிறதா என்று பார்த்தனர். இரத்த அழுத்தத்தை அளந்தனர். குறை கண்டவர்க்கு விலை மலிந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு, அமெரிக்க நாணயத்தில் ஒரு டாலரின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இது நம் ஊரில் நடவாத காரியமா? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகின்றது. வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, உடல்வலி மாத்திரையை மட்டும் தவறாது விழுங்குவோர் இவ்வவையிலும் இருக்கிறீர்கள், பெயர் சொல்லமாட்டேன்.

கூட்டம் கலையும்முன் ஒரு செய்தி. வாயிலருகே இரத்த அழுத்தம் அளப்பதற்குச் செவிலியர் ஒருவர் மேசையிட்டு அமர்ந்திருக்கிறார். தாய்மார்கள் முதலிற் செல்லலாம். அவர் பக்கத்தில் நீலச் சட்டை அணிந்து இருப்பவர் நம் அண்டைக் குப்பத்து இளைஞர். சென்ற ஆண்டு இடக்கையில் ஃபிஸ்டுலா செய்துகொண்டவர். விரும்புவோர் விரல் வைத்துத் துடிப்பைத் தொட்டுப் பார்க்கத் தம் கையை நீட்ட இசைந்திருக்கிறார். மெதுவாய் வையுங்கள், அழுத்த வேண்டாம். என் அண்ணியார் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர்க்கு வழி விடுங்கள்.